ஸ்டேடியத்தில் பாமாலை, சேப்பலில் பூட்டு: வேல்ஸ் நாட்டுக்கு என்ன ஆச்சு?

கார்டிஃப் நகரத்தில் வேல்ஸ் ரக்பி அணி விளையாடும் நாளில் எடுத்த வீடியோ ஒன்றை யூடியூபில் தேடிப் பாருங்கள். 70 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம். எங்கோ ஒரு மூலையில் நாலு பேர் ஆரம்பிப்பார்கள், அரை நிமிஷத்தில் மொத்த ஸ்டேடியமும் சேர்ந்துகொள்ளும். ஆண்களின் கனத்த குரல் கீழே ஒரு பக்கம், மேல் குரல் இன்னொரு பக்கம் என்று பிரிந்து பாடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அது கிளப் பாட்டு இல்லை. கிறிஸ்தவ பாமாலை. 'கும் ரொந்தா' என்ற மெட்டு. 1907-ல் தெற்கு வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு சின்ன ஆலயத்துக்காக ஜான் ஹ்யூஸ் என்பவர் அமைத்தது. பாட்டை எழுதியவர் அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முந்தையவர். வனாந்தரத்தில் நடக்கும் பயணி கடவுளிடம் கைபிடித்து நடத்தச் சொல்லிக் கேட்கும் ஜெபம் அது. பியர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதை உருகி உருகிப் பாடுகிறார்கள்.

சரி, இவ்வளவு பக்தியா பாடுறாங்களே, ஞாயிற்றுக்கிழமை எங்கே போறாங்க? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 71.9% பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று பதிவு செய்தார்கள். 2011-ல் அது 57.6%. 2021-ல் 43.6%. அதே 2021-ல் 'மதம் எதுவும் இல்லை' என்று சொன்னவர்கள் 46.5%. இருபதே வருஷத்தில் மெஜாரிட்டி மாறிவிட்டது. இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்து எடுத்த அந்தக் கணக்கில் 'மதம் இல்லை' என்பவர்கள் அதிகம் உள்ள முதல் மூன்று உள்ளாட்சிப் பகுதிகளும் வேல்ஸில்தான் இருக்கின்றன: கேர்ஃபிலி, பிளைனாய் குவென்ட், ரொந்தா கனன் டாஃப். மூன்றிலும் 56 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது பெயரைக் கவனித்தீர்களா? அந்த மெட்டின் பெயரில் இருக்கும் அதே ரொந்தா.

நம்மூர் சுவர்களில் 'எழுப்புதல் பெருவிழா' போஸ்டர் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த 'எழுப்புதல்' என்ற சொல் உலக அளவில் எந்த ஊர்க் கதையோடு அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், வேல்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். 'எழுப்புதலின் தேசம்' என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு. அந்த தேசத்துக்குத்தான் மறுபடி ஓர் எழுப்புதல் வேண்டும் என்று இன்று பலர் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெபிப்பவர்களில் ஒரு பகுதியினர் மிசோரமில் இருக்கிறார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

மொழியைக் காப்பாற்றிய புத்தகம்

இந்த நாட்டின் கிறிஸ்தவ மரபைப் புரிந்துகொள்ள மதத்திலிருந்து ஆரம்பித்தால் வேலைக்காகாது. மொழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1536-ல் இங்கிலாந்து வேல்ஸைச் சட்டப்படி தன்னோடு இணைத்துக்கொண்டபோது நீதிமன்றம், அரசுப் பதவி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. வெல்ஷ் மொழி வீட்டுக்கும் வயலுக்கும் என்று ஆனது. அப்படியே விட்டிருந்தால் பக்கத்திலிருந்த கார்ன்வாலின் மொழி மங்கிப்போனது மாதிரி இதுவும் போயிருக்கும். போகாததற்குக் காரணம், முதலாம் எலிசபெத் காலத்தில் 1563-ல் வந்த ஒரு சட்டம். வேதாகமத்தை வெல்ஷ் மொழியில் பெயர்க்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. புதிய ஏற்பாடு 1567-ல் வந்தது. முழு வேதாகமத்தை வில்லியம் மோர்கன் என்ற கிராமப் பாதிரியார் 1588-ல் முடித்தார். (அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1578-ல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

மோர்கனின் வெல்ஷ் நடை அந்த மொழிக்கே பொது நடை ஆனது. ஊருக்கு ஊர் வட்டார வழக்கு வேறு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காதில் விழும் மொழி ஒன்று. அரசாங்கம் கைவிட்ட மொழியை ஆலயம் தத்து எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

படிக்கத் தெரியாதவனுக்குப் புத்தகம் எதற்கு? 1731 வாக்கில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார் அதற்கு ஒரு வழி கண்டார்: சுற்றிவரும் பள்ளிகள். ஆசிரியர் ஒரு ஊருக்கு வருவார், விவசாய வேலை குறைவான மூன்று மாதம் இருந்து, பகலில் குழந்தைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் வேதாகமம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். 1761-ல் ஜோன்ஸ் இறக்கும்போது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அந்தப் பள்ளிகளில் படித்திருந்தார்கள். அன்றைய வேல்ஸின் மொத்த மக்கள்தொகையே ஐந்து லட்சத்துக்குப் பக்கம்தான் என்று வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

நம்மூர் ஞாயிறு பள்ளியில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேரி ஜோன்ஸைத் தெரிந்திருக்கலாம். நெசவுக்காரர் வீட்டுப் பெண். காசு சேர்த்து, 1800-ல், தன் 15 வயதில், சுமார் 40 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து, பாலா என்ற ஊரில் தாமஸ் சார்லஸ் என்ற போதகரிடம் வேதாகமம் வாங்கினாள். அந்தக் கதையும் ஒரு தூண்டுதலாக 1804-ல் லண்டனில் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் தொடங்கியது. அவள் வாங்கிய பிரதி இன்னும் பத்திரமாக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பாலா ஏரிக்கரையில் வழிபாடு நின்றுபோன ஓர் ஆலயத்தை 2014-ல் மேரி ஜோன்ஸ் நினைவு மையமாக மாற்றினார்கள். அதாவது, வேதாகமத்துக்காக நடந்த பெண்ணின் கதையைச் சொல்ல ஒரு காலி ஆலயம் கிடைத்திருக்கிறது. இந்த முரணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

'சேப்பல்' என்பது கட்டடம் மட்டும் இல்லை

வேல்ஸில் 'சர்ச்' வேறு, 'சேப்பல்' வேறு. சர்ச் என்றால் ஆங்கிலிகன், அரசு ஆதரவு பெற்றது, நிலக்கிழார்கள் முன்வரிசையில் உட்காரும் இடம். சேப்பல் என்றால் அதிலிருந்து விலகியவர்கள் தங்கள் காசில் கட்டிக்கொண்டது: மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல். 1735-க்குப் பிறகு ஹவல் ஹாரிஸ், டேனியல் ரோலண்ட், பாட்டெழுதிய வில்லியம் வில்லியம்ஸ் போன்றவர்கள் கிளப்பிவிட்ட எழுப்புதல்தான் இதற்கு விதை. ஸ்டேடியத்தில் பாடுகிறார்களே, அந்தப் பாட்டு இந்த வில்லியம்ஸ் எழுதியதுதான்.

1851-ல் எடுத்த கணக்கில், வேல்ஸில் வழிபாட்டுக்குப் போனவர்களில் ஐந்தில் நாலு பேர் சேப்பலுக்குப் போயிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு சேப்பல் கட்டி முடிக்கப்பட்டது என்று சொல்வார்கள். பெயர்களைக் கேட்டால் நெல்லைப் பக்கம் போன மாதிரி இருக்கும்: பெத்தானியா, சாலேம், எபெநேசர், மொரையா. வடக்கு வேல்ஸில் ஒரு ஊருக்கே சேப்பலின் பெயரான 'பெதஸ்தா' நிலைத்துவிட்டது.

சுரங்கத்தில் ஆறு நாள் கரி வெட்டியவன் ஏழாம் நாள் அங்கே மூப்பராக முன்னால் உட்காருவான். கூட்டம் நடத்த, கணக்கு வைக்க, நாலு பேர் முன்னால் எழுந்து பேச, நாலு குரலில் பாட... எல்லாம் அங்கே கற்றான். பின்னாளில் அந்த ஊர்களில் தொழிற்சங்கத் தலைவர்களாக வந்தவர்களில் பலருக்கு மேடைப் பயிற்சி கொடுத்தது சேப்பல்தான். ஞாயிறு பள்ளி குழந்தைகளுக்கு மட்டும் இல்லை, தாத்தாக்களும் வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஆன் கிரிஃபித்ஸ் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. விவசாயி வீட்டுப் பெண். பக்திப் பாடல்களை இயற்றுவாள், பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் வேலை செய்த ரூத் என்ற பெண்ணிடம் சொல்லிக் காட்டுவாள். 1805-ல், 29 வயதில், பிரசவத்துக்குப் பின் ஆன் இறந்துபோனாள், குழந்தையும் பிழைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ரூத் தன் ஞாபகத்தில் இருந்த பாடல்களைச் சொல்லச் சொல்ல, அவளுடைய கணவர் எழுதிக்கொண்டார். இன்று வெல்ஷ் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுவது அந்தப் பணிப்பெண்ணின் ஞாபகசக்தி காப்பாற்றிக் கொடுத்ததுதான்.

சேப்பலும் மொழியும் எவ்வளவு பின்னிப்போயிருந்தன என்பதற்கு இன்னொரு உதாரணம். 1847-ல் லண்டன் அனுப்பிய மூன்று ஆங்கிலேய அதிகாரிகள் வேல்ஸின் கல்வி நிலை பற்றி அறிக்கை கொடுத்தார்கள். மூவருக்குமே வெல்ஷ் தெரியாது. இந்த மக்கள் பின்தங்கியிருப்பதற்கும் ஒழுக்கம் கெட்டிருப்பதற்கும் காரணம் அவர்களுடைய மொழியும் சேப்பல்களும்தான் என்று எழுதிவைத்தார்கள். அந்த அறிக்கையை இன்றும் 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றுதான் அங்கே சொல்கிறார்கள். அவமானப்பட்ட மக்கள் சேப்பலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். 1881-ல் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூடல் சட்டம் வந்தது, இணைப்புக்குப் பிறகு வேல்ஸுக்கு மட்டும் என்று தனியாக வந்த முதல் சட்டமே அதுதான் என்பார்கள். 1920-ல் ஆங்கிலிகன் சர்ச்சும் அரசிடமிருந்து பிரிக்கப்பட்டது.

1904: அந்த ஒரு குளிர்காலம்

எவான் ராபர்ட்ஸுக்கு அப்போது 26 வயது. லக்கர் என்ற ஊர்க்காரர். சின்ன வயதிலேயே சுரங்கத்துக்குப் போனவர், பிறகு கொல்லுப்பட்டறையில் பயிற்சி, அதன் பிறகு போதகர் ஆகும் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பாதியில் ஊருக்குத் திரும்பி வந்து, 1904 அக்டோபர் 31-ம் தேதி மொரையா சேப்பலில் ஜெபக் கூட்டம் முடிந்த பிறகு இளைஞர்கள் சிலரை மட்டும் இருக்கச் சொன்னார். தெரிந்த பாவத்தை அறிக்கையிடு. சந்தேகமான பழக்கத்தை விடு. ஆவியானவர் சொல்வதற்கு உடனே கீழ்ப்படி. கிறிஸ்துவை எல்லார் முன்னாலும் சொல். அவருடைய செய்தி அவ்வளவுதான், நாலே வரி.

ஒரு வாரத்தில் சேப்பல் நிரம்பியது. அதிகாலை வரை கூட்டம். 'வெஸ்டர்ன் மெயில்' பத்திரிகை நிருபரை அனுப்பியது, அதன் பிறகு தினசரிச் செய்தி, எந்த ஊரில் எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று பட்டியல். இன்றைக்கு நாங்கள் தேர்தல் அன்று போடும் 'லைவ் அப்டேட்' மாதிரிதான். செய்தி போன வேகத்தில் எழுப்புதலும் போனது என்று சொன்னால் அது குறை சொல்வது ஆகாது, நடந்தது அதுதான்.

இந்தக் கூட்டங்களில் பிரசங்கம் குறைவு. பாட்டு, அழுகை, சாட்சி. பெண்களும் இளைஞர்களும் எழுந்து பேசினார்கள், ஆனி டேவிஸ் போன்ற இளம்பெண்கள் பாடிப் பாடியே கூட்டம் நடத்தினார்கள். சேப்பல் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆறேழு மாதத்தில் ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. வழக்கே இல்லாததால் நீதிபதிகளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. விசாரிக்கக் குற்றவாளி இல்லாத நாளில் கையுறை கொடுப்பது அங்கே பழைய வழக்கம். சுரங்கத்தில் வண்டி இழுத்த மட்டக்குதிரைகள், கெட்ட வார்த்தை இல்லாமல் கட்டளை வந்ததால் புரியாமல் நின்றன என்றொரு கதையும் உண்டு. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சுவைக்காகச் சேர்த்தது என்று இப்போது பிரிக்க முடியாது. ஆனால் சுரங்கக்காரர்களே சிரித்துக்கொண்டு சொன்ன கதை அது.

எவான் ராபர்ட்ஸுக்கு என்ன ஆனது என்பதைப் பல எழுப்புதல் மேடைகளில் சொல்ல மாட்டார்கள். தூக்கமில்லை, ஓய்வில்லை, ஊர் ஊராகக் கூட்டம். 1905 பிப்ரவரியில் ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் மௌனமாக இருந்தார். கூட்டங்களில் யாரோ தடையாக இருக்கிறார்கள் என்று சொல்லிப் பாதியில் நிறுத்த ஆரம்பித்தார். 1906-ல் உடைந்துபோனார். இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு தம்பதி வீட்டில் வருஷக்கணக்காக ஒதுங்கி இருந்தார். பிறகு 45 வருஷம் உயிரோடு இருந்தும் பொதுமேடைக்கு அநேகமாகத் திரும்பவே இல்லை. 1951-ல் கார்டிஃபில் இறந்தார். இருபத்தாறு வயதுப் பையன் மேல் ஒரு நாட்டையே ஏற்றிவைத்தார்கள், இறக்கிவைக்க யாரும் வரவில்லை. இந்தக் கதையை வாசித்ததில் எனக்கு அதிகம் உறைத்தது இதுதான்.

அலை மட்டும் நிற்கவில்லை. 1905-ல் காசி மலைகளிலும் 1906-ல் மிசோரமிலும் எழுப்புதல் பரவியது. இரண்டும் வெல்ஷ் மிஷன் வேலை செய்த இடங்கள். புனே பக்கம் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் 1905 ஜூனில், நம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் இருந்த இடத்தில் அதே வருஷம் அக்டோபரில். வேல்ஸ் செய்தியைக் கேட்டு இங்கெல்லாம் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஏன் காலியானது?

ஒரே காரணம் தேடினால் கிடைக்காது. எழுப்புதலில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் சில வருஷத்திலேயே விலகிவிட்டார்கள். 1913-ல் தெற்கு வேல்ஸ் வயல்கள் 5.7 கோடி டன் நிலக்கரி எடுத்தன, அதுதான் உச்சம். அதே வருஷம் அக்டோபரில் சென்கென்னித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் செத்தார்கள். கூலி, பாதுகாப்பு, உரிமை என்று கேட்ட தலைமுறைக்கு, பரலோகத்தைப் பற்றி மட்டும் பேசிய பிரசங்கம் போதவில்லை. 1900-லேயே மெர்தர் தொகுதியிலிருந்து கியர் ஹார்டி பாராளுமன்றத்துக்குப் போயிருந்தார். அவர் கிறிஸ்தவர்தான், ஆனால் அவரைப் பின்பற்றியவர்களுக்குச் சங்கக் கட்டடமே சேப்பல் ஆனது.

முதல் உலகப் போரில் போதகர்கள் சிலர் ராணுவ உடுப்பிலேயே பிரசங்க மேடை ஏறி ஆள் சேர்த்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலர் சேப்பலுக்குத் திரும்பவில்லை. பிறகு 1920, 30-களின் வேலையின்மை. லட்சக்கணக்கானோர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கூடவே மொழியும் சுருங்கியது: 1911-ல் வெல்ஷ் பேசியவர்கள் 43.5%, 2021-ல் 17.8%. சேப்பலில் நடப்பது பேரனுக்குப் புரியவில்லை.

சேப்பலின் கடுமையும் ஒரு காரணம், இதைச் சொல்லாமல் பழம்பெருமை பேசக் கூடாது. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்ணைச் சபை நடுவே நிறுத்தி விலக்கினார்கள். அவளோடு சேர்ந்த ஆணுக்கு அவ்வளவு தொல்லை வந்ததில்லை. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம் என்று எழுத்தாளர் காரடாக் எவன்ஸ் 1915-ல் கதைகள் எழுதியபோது ஊரே கொதித்தது. கொதித்தவர்களில் பலருக்கு அதில் உண்மை இருப்பது தெரிந்திருக்கும். பாட்டியை அவமானப்படுத்திய இடத்துக்குப் பேத்தி எதற்காகப் போவாள்?

1966 அக்டோபர் 21. அபர்வான் கிராமத்தில், மலைமேல் கொட்டிவைத்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். உடல்களைக் கொண்டுவந்து கிடத்திய இடம் பெத்தானியா சேப்பல். பெற்றோர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே போய் அடையாளம் காட்டினார்கள். ஒரு ஊருக்கு சேப்பல் என்னவாக இருந்தது என்பதற்கும், அதன் பிறகு அதே ஊரில் கடவுளைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கட்டடம் நிற்குது, சபை இல்லை

இன்று வேல்ஸில் கார் ஓட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் பழைய சேப்பல்கள். சில வீடாகிவிட்டன. சில கடை, கிடங்கு, கலைக்கூடம். சில வெறும் பலகை அடித்து நிற்கின்றன. கிராமப்புறத்தில் ஒரு போதகருக்குப் பல சேப்பல்கள், இருப்பவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை: ஸ்வான்சி பக்கம் மோரிஸ்டனில் 1872-ல் கட்டிய 'டாபர்னாகல்', சேப்பல்களின் கதீட்ரல் என்று பெயர் வாங்கியது, பாடகர் குழு நிகழ்ச்சிகளுக்கும் இன்றுவரை பேர்போனது.

மொழி தன் வழியைத் தனியாகப் பார்த்துக்கொண்டது. வெல்ஷ்வழிப் பள்ளிகள், டிவி சேனல், 2050-க்குள் பத்து லட்சம் பேரைப் பேசவைப்போம் என்ற அரசுத் திட்டம். ஒரு காலத்தில் சேப்பல் சுமந்த மொழி இப்போது சேப்பல் இல்லாமலே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைத் தடையும் ஒவ்வொரு மாவட்டமாக விலகி, கடைசியாக துய்வோர் பகுதியில் 1996-ல் முடிந்தது.

ஆங்கிலிகன் பக்கமும் நிம்மதி இல்லை. பேங்கர் கதீட்ரலின் நிர்வாகம், நிதிக் கட்டுப்பாடு, பாதுகாப்பு பற்றிக் கடுமையான கேள்விகள் எழுந்த பின்னணியில் 2025-ல் வேல்ஸ் ஆர்ச்பிஷப் ஆண்ட்ரூ ஜான் பதவி விலகி ஓய்வுபெற்றார். அடுத்து செரி வேன் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டனிலேயே ஆர்ச்பிஷப் ஆன முதல் பெண். தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். ஒரு தரப்பு இதையே புதுப்பித்தல் என்கிறது, இன்னொரு தரப்பு சரிவின் அடையாளம் என்கிறது. 'ஆன்மிகப் புதுப்பித்தல் வேண்டும்' என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து, அது எப்படி இருக்கும் என்பதில்தான் ஆளுக்கொரு படம்.

திரும்பி வரும் மிஷனரிகள்

2025 ஏப்ரலில் வேதாகமச் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாதம் ஒருமுறையாவது ஆலயம் போகிறவர்கள் 2018-ல் 8% இருந்தது 2024-ல் 12% ஆனது, அதுவும் 18-24 வயதில் 4 சதவீதத்திலிருந்து 16 என்று சொன்னது. சமூக வலைத்தளங்களில் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் புள்ளிவிவர நிபுணர்கள் உடனே கேள்வி கேட்டார்கள்: அது தாங்களாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களிடம் ஆன்லைனில் எடுத்த சர்வே. மக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து எடுக்கும் பழைய சர்வேக்களில் இப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. இளைஞர்கள் சிலர் தேடுகிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் இந்த எண்ணை வைத்து 'எழுப்புதல் வந்துவிட்டது' என்று ஃபார்வர்டு அனுப்பியவர்கள் அவசரப்பட்டார்கள் என்பதே என் கருத்து. 1905-ல் பத்திரிகைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டதும் இதே அவசரம்தான்.

மருத்துவராக லண்டனில் நல்ல நிலையில் இருந்துவிட்டு, 1927-ல் வேலையை உதறி, போர்ட் டால்பட் துறைமுகத் தொழிலாளர்கள் மத்தியில் போதகராக வந்தவர் மார்ட்டின் லாய்ட்-ஜோன்ஸ். அவருடைய பிரசங்கப் புத்தகங்களுக்குத் தமிழ்நாட்டிலும் வாசகர்கள் உண்டு. எழுப்புதல் வேண்டும் என்று கடைசிவரை பேசியவர், ஆனால் அதை மனுஷன் ஏற்பாடு செய்து கொண்டுவர முடியாது என்பதிலும் உறுதியாக இருந்தார். போஸ்டர் அடித்துத் தேதி போடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைக் கொஞ்சம் படிக்கலாம்.

இப்போது அந்த மிசோரம் கதை. 1841-ல் தாமஸ் ஜோன்ஸ் என்ற தச்சர் மகன் வேல்ஸிலிருந்து சிரபுஞ்சிக்கு வந்தார். காசி மொழிக்கு ரோமன் எழுத்தில் வடிவம் கொடுத்தார், அந்த எழுத்துக்கூட்டலில் வெல்ஷ் சாயல் இன்றும் இருக்கிறது. வசதியான ஆங்கிலேய வியாபாரியோடு காசி மக்களுக்காக மோதினார், தன் சொந்த மிஷனோடும் ஒத்துப்போகாமல் வெளியேற்றப்பட்டார், 1849-ல் கல்கத்தாவில் இறந்தார். அவர் வந்த நாளான ஜூன் 22-ஐ மேகாலயாவில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். காசி மக்கள் தங்கள் மண்ணைப் போற்றிப் பாடும் பாட்டின் மெட்டு, வேல்ஸின் தேசிய கீதத்தின் மெட்டு. ஷில்லாங்கில் பாடினால் கார்டிஃபில் திரும்பிப் பார்ப்பார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி மிசோரமில் 87% பேர் கிறிஸ்தவர்கள். வெல்ஷ் மிஷன் வளர்த்த மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபை, 2000-களில் தன் போதகரை வேல்ஸுக்கு மிஷனரியாக அனுப்பியது. நன்றிக்கடன் என்று அவர்கள் சொல்கிறார்கள். 1904 எழுப்புதலில் தொடப்பட்ட சுரங்கத் தொழிலாளி ரீஸ் ஹவல்ஸ் 1924-ல் ஸ்வான்சியில் தொடங்கிய வேதாகமக் கல்லூரி மூடிப்போய்க் கிடந்தது. சிங்கப்பூர் சபை ஒன்று இடத்தை வாங்கி மறுபடி திறந்தது. கார்டிஃப், ஸ்வான்சி மாதிரி நகரங்களில் ஞாயிற்றுக்கிழமை சத்தமாக இருக்கும் சபைகளில் நைஜீரியர்களும் கேரளக்காரர்களும் இருக்கிறார்கள், நம்மவர்களும்தான். என்.ஹெச்.எஸ். மருத்துவமனையில் நைட் டியூட்டி முடித்து நேராக ஆராதனைக்கு வருகிற நர்ஸுகள் பலர்.

இவர்கள் எல்லாரும் வந்து வேல்ஸைத் திரும்ப எழுப்பிவிடுவார்களா? வெளியிலிருந்து வருகிறவர் உள்ளூர் மொழியைக் கற்காமல் அது நடக்காது என்பதை வேல்ஸின் சொந்தக் கதையே காட்டுகிறது. மோர்கனும் கிரிஃபித் ஜோன்ஸும் ஜெயித்தது மக்கள் பேச்சில் பேசியதால். ஆங்கில ஆராதனையோடு நின்றுவிட்டால் குடியேறியவர்களின் சபையாகவே அது இருந்துவிடும். இன்னொன்று, பழைய சேப்பல் யாரை விலக்கியதோ அவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எவான் ராபர்ட்ஸின் நாலு வரியில் முதல் வரி தெரிந்த பாவத்தை அறிக்கையிடு என்பதுதானே. அதை ஆளுக்கு ஆள் செய்தார்கள், சபையாகச் செய்ததாகத் தெரியவில்லை.

லக்கரில் மொரையா சேப்பலுக்கு முன்னால் எவான் ராபர்ட்ஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை பின்பக்கம், குடும்பத்தாரோடு. தேடி வருகிறவர்களில் தென்கொரியர்கள் உட்பட வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்று, பஸ் ஏறுகிறார்கள்.